பொன்னாடையும் பதினைந்து டாலரும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் புலவர்களின் மனோதர்மத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். எத்துணை அரிய நூல்களைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்று பாயிரத்திலே விதித்த அவர், அடுத்த சூத்திரத்திலேயே அந்த விதிக்கு நான்கு விலக்குகளையும் தந்துவைத்தார். அரச சபைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்க நேரும்போதும், பெரிய அவையிலே வாதித்து வெல்லவேண்டிய சமயத்திலும், எதிராளி தன்னை இகழ்ந்து பேசும்போதும் புலவன் தற்புகழ்ச்சி செய்துகொள்ளலாம் என்பது அவர் அளித்த சலுகை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த ஜைன முனிவருக்கு நியூ ஜெர்சியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அந்த இரண்டாவது விலக்கு, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ் நாவலாசிரியனை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதுபோல் எனக்குத் தோன்றுகிறது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இல்லாத நேரம் என்று அவனுக்கு இங்கே ஒன்று கிடையாது.

என்னுடைய புதிய நாவல் சென்ற வருஷம் சென்னையில் வெளியாயிற்று. புத்தகத்தை அச்சிடுவது தம் பொறுப்பு என்றும், அதை ஜனங்களிடம் கொண்டு சேர்ப்பது இக்காலத்தில் நூலாசிரியரின் பொறுப்பு என்றும் பிரசுரகர்த்தர் தொலைபேசியில் மிகுந்த விநயத்தோடு தெரிவித்தார். "அமெரிக்காவில நம்ம ஆளுங்க லட்சக்கணக்கில இருக்காங்களே சார்! ஒரு விழா போட்டீங்கன்னா தீர்ந்துபோயிடும்" என்று தேற்றவும் செய்தார். தீர்ந்துபோவது பிரதிகளா, நானா என்பதை அவர் விளக்கவில்லை.

சென்னையிலிருந்து இங்கே திரும்பும் பிரயாணிக்கு விமானக் கம்பெனிகள் வழக்கமாக அனுமதிப்பது தலா 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகள். என் மனைவியின் அபிப்பிராயத்தில் அந்த 46 கிலோவும் வற்றல், வடாம், சாம்பார்ப்பொடி, மாவடு ஆகியவற்றுக்குப் பரம்பரையாகப் பாத்தியப்பட்ட சொத்து. நெடிய சமாதானப் பேச்சுகளின் முடிவில் ஒரு பெட்டி ஆகாரத்துக்கும் ஒரு பெட்டி இலக்கியத்துக்கும் என்று தேசப்பிரிவினை நடந்தேறியது. நியூவர்க் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இலக்கியப் பெட்டியைத் திறந்து, ஒரே புத்தகம் ஏன் இத்தனை இருக்கிறது என்று கேட்டார். நான் எழுதியது என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் பெட்டியை மூடி, மற்றதைத் திறக்காமலே போகச் சொன்னார். மாவடு பிழைத்தது. அந்த நாவலினால் எங்கள் குடும்பத்துக்கு உண்டான முதல் லாபம் அது. என் மனைவியின் கணக்கில் இன்றுவரை கடைசி லாபமும் அதுவே.

வீட்டுக் கராஜில் பிரதிகளை அடுக்கி வைத்தபோது ஹென்றி டேவிட் தோரோவின் நினைவு வந்தது. 1849இல் வெளியான அவருடைய முதல் நூலில் 1000 பிரதி அச்சாகி, 706 பிரதி விற்காமல் நின்றுவிட்டது. நான்கு வருஷம் பொறுத்துப் பார்த்த பிரசுரகர்த்தர் அத்தனையையும் அவருக்கே திருப்பியனுப்ப, முதுகில் சுமந்து அவற்றை மாடியேற்றிய தோரோ, தம்மிடம் இப்போது ஏறக்குறையத் தொள்ளாயிரம் நூல்கள் கொண்ட புத்தகசாலை இருக்கிறதென்றும் அவற்றுள் எழுநூற்றுக்கு மேற்பட்டவை தாமே எழுதியவை என்றும் தினக்குறிப்பில் பதிந்து வைத்தார். இப்படிப்பட்ட ஹாஸ்யம் வாய்ப்பதற்கு மனிதன் பிரமசாரியாக இருக்க வேண்டும். தோரோ கடைசிவரை பிரமசாரிதான்.

எழுதியவனே தன் நூலை விற்கப் புறப்படுவது இழுக்கு என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கூச்சம் நம் முன்னோரிடம் இருந்ததாகக் காணோம். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் வழிகாண வேண்டி, தமிழபிமானிகளிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். பாரதியாரோ தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விலைபோவதுபோல் அவை ஜனங்களிடையே விலைபோக வேண்டும் என்று 1920இல் திட்டம் வகுத்து, மூலதனத்துக்காக நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். 'எழுத்து' பத்திரிகையை நடத்திய சி. சு. செல்லப்பா, தாம் பிரசுரித்த புத்தகங்களைப் பைகளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றதை நேரில் கண்ட பேராசிரியர்கள் பலர் உண்டு. இவர்களில் எவரும் விலையைச் சொல்லும்போது தலை குனிந்தாரில்லை. விலையைச் சொல்லக் கூசி, சொல்லாமலே விற்றுவிடலாம் என்று நம்பி, அந்தக் கூச்சத்தை மறைப்பதற்காக ஒரு விழாவையும் ஏற்பாடு செய்துகொள்ளும் பழக்கம் பிற்காலத்தது. கடல் கடந்து வந்த தமிழரிடம் அது முற்றிப்போயிருக்கிறது என்பது என் கட்சி.

எடிசன் நகரத்துக்கு அருகே ஒரு சமூகக் கூடத்தில் என் நாவலின் வெளியீட்டு விழா நடந்தது. தமிழ்த்தாய் வாழ்த்தும் அமெரிக்க தேசிய கீதமும் முடிந்தபின், ஒரு சிறுமியின் பரதநாட்டியமும், வேறொரு சிறுமியின் தாயார் மனம் நோகக் கூடாதே என்பதற்காக இன்னொரு பரதநாட்டியமும் நடைபெற்றன. நாவலை ஆராய்ந்து பேச வந்த அன்பர் சிலப்பதிகாரத்தில் புறப்பட்டு, கம்பனிடம் தங்கி, பாரதியிடம் இளைப்பாறி, நேரம் போதாத காரணத்தால் என் நாவலுக்கு வந்து சேரவில்லை. அக்கிராசனருக்குப் பொன்னாடை, ஆய்வாளருக்குப் பொன்னாடை, எனக்குப் பொன்னாடை, பொன்னாடைகளை உபகரித்தவருக்கு ஒரு பொன்னாடை என்று மரியாதைகள் தொடர்ந்து, எல்லாரும் எல்லாரோடும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, நான் ஏற்புரைக்கு எழுந்த தருணத்தில், பின்புறத்து அறையில் மெதுவடை தயார் என்ற சமாசாரம் சபையில் பரவிற்று. அதன்பின் நான் ஆற்றிய உரையை முழுமையாகக் கேட்டவர், ஒலிபெருக்கியைத் திரும்ப எடுத்துச் செல்வதற்காகக் காத்திருந்த இளைஞர் ஒருவரே.

புத்தகங்களை வைத்திருந்த மேஜை காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தபடியால் அதற்குக் கூட்டம் குறைவில்லை. கோப்பையை இறக்கி வைக்க அதைவிட வாகான இடம் அந்தக் கூடத்தில் இல்லை. முகமலர்ச்சியோடு வந்த ஒருவர், "சார், நம்ம பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒண்ணு குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். விலை கேட்பாரோ என்று நான் அவர் முகத்தையும், விலை சொல்லிவிடுவேனோ என்று அவர் என் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்ற அந்தத் தர்மசங்கடத்தில், அவருடைய மனைவி ஒரு தட்டில் வடையோடு வந்து இருவரையும் காப்பாற்றினார். பிரதி போயிற்று. வாசலில் இன்னொருவர், எல்லாப் பிரதியும் போய்விட்டதாமே, பெரிய வெற்றி என்று என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

விழா எடுத்த அன்பர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. வாரம் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடுத்தார்கள். ஆனால் கௌரவிப்பது என்ற காரியம் படிப்பது என்ற காரியத்தின் ஸ்தானத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. சால்வை போர்த்திவிட்டோம், இனி அவனுக்குப் பாக்கி ஒன்றுமில்லை என்று மனம் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. சால்வைக்கும் மண்டப வாடகைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆன செலவைக் கூட்டிப் பார்த்தால், அந்தத் தொகைக்கு மேஜைமேல் இருந்த பிரதிகளையெல்லாம் விலை கொடுத்து வாங்கி, ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். வடைக்கும் மிச்சம் இருந்திருக்கும்.

இதே நியூ ஜெர்சியில், காம்டன் நகரத்தில், கடைசிக் காலத்தைக் கழித்த வால்ட் விட்மன் இந்தக் கூச்சம் தீண்டாத மகாபுருஷர். 1855இல் தம் கவிதைத் தொகுதியைச் சொந்தமாக வெளியிட்டு, அச்சுக் கோக்கும் வேலையில் ஒரு பகுதியைத் தாமே செய்து, அதோடு நில்லாமல் பெயர் போடாத மதிப்புரைகளையும் தாமே எழுதிப் பத்திரிகைகளில் வரச்செய்தார். அம்மதிப்புரைகளின் அபிப்பிராயம் சாதகமாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. எமர்சன் தனிப்பட எழுதிய பாராட்டுக் கடிதத்தை அவருடைய சம்மதம் கேளாமலே பத்திரிகையில் பிரசுரிக்கச் செய்தார். மறு வருஷத்து இரண்டாம் பதிப்பின் முதுகில் அக்கடிதத்தின் ஒரு வாக்கியத்தைப் பொன்னெழுத்தில் பொறித்தும் விட்டார். பக்கவாதத்தால் தளர்ந்து காம்டனுக்கு வந்த பிறகும், 1876ஆம் வருஷத்துப் பதிப்பை வீட்டிலிருந்தபடியே தபாலில் விற்றார். பவணந்தியார் தந்த விலக்குகள் நான்கும் போதாமல் ஐந்தாவதாக ஒன்றைத் தாமே இயற்றிக்கொண்டவர் அவர். இன்று நியூ ஜெர்சி டர்ன்பைக் பெருஞ்சாலையில் அவர் பெயரால் ஓர் இளைப்பாறுமிடம் இருக்கிறது. நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் பெயராலும், கவிஞர் ஜாய்ஸ் கில்மர் பெயராலும் உண்டு. நெடுந்தூரம் கார் ஓட்டி வந்து, இனி ஒரு மைலும் தாங்காது என்ற நிலையில் இருக்கும் ஜனங்கள், ஓர் எழுத்தாளனின் பெயரைப் பலகையில் கண்டு இவ்வளவு ஆனந்தப்படுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்தபடியாகக் கலிபோர்னியாவுக்குப் போனேன். 1956இல் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் உதவி பெற்று அமெரிக்கா வந்த ஆர். கே. நாராயண், பெர்க்லியில் ஒரு ஹோட்டல் அறையில் தங்கி 'தி கைட்' நாவலை எழுதினார். அவர் அந்த ஊருக்கு எழுத வந்தார். நான் விற்க வந்தேன். வளைகுடாவின் அக்கரையிலே, சான் பிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை, புஸ்தக விளம்பரத்துக்கு மிகச் சிறந்த ஏஜெண்டு போலீஸ்காரர்தாம் என்பதற்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. அக்கடை வெளியிட்ட ஆலன் கின்ஸ்பர்கின் கவிதை நூல் ஆபாசம் என்று 1957இல் வழக்குத் தொடர்ந்தார்கள். ஆபாசமன்று என்று நீதிபதி தீர்ப்பளிப்பதற்குள் அது தேசமெங்கும் பிரசித்தமாகிவிட்டது. என் நாவலை ஊன்றிப் படித்த நண்பர் ஒருவர், இதில் யாரும் ஆட்சேபிக்கக்கூடிய பகுதி ஒன்றுகூட இல்லை என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

ஃப்ரீமாண்ட்டில் ஒரு வீட்டில் பொட்லக் விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்திருந்தார்கள், நான் நாவல் கொண்டுபோயிருந்தேன். ஸ்டார்ட்டப் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வதைத் தொழிலாகக் கொண்ட இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப்போய், "சார், உங்க நாவல் என்ன பிராப்ளத்தை சால்வ் பண்ணுது?" என்று கேட்டார். ஒன்றையும் தீர்க்கவில்லை, புதிதாகச் சில பிரச்சினைகளை உண்டாக்கி அந்தரத்தில் விட்டிருக்கிறேன் என்றேன். அப்படியானால் இரண்டாம் பாகத்துக்கு இடமிருக்கிறது என்று அவர் திருப்தியடைந்தார். வேறொருவர் பி.டி.எஃப். இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்படியும், ஒலிநூலாக வந்தால் வேலைக்குப் போகும் வழியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுவிடுவதாகவும் வாக்களித்தார். இன்னோர் அன்பர் இவர்களையெல்லாம் மிஞ்சியவர். நாவலின் பெயரை மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் சொல்லிச் சுருக்கம் கேட்டிருந்தார். அது சற்றும் தயங்காமல் ஐந்து வரிகளில் கதையைச் சொல்லி, கதாநாயகனின் தங்கை கடற்கரையில் விடைபெறும் கடைசிக் காட்சி உள்ளத்தை உருக்குகிறது என்று விமரிசனமும் செய்திருந்தது. என் நாவலில் கடலே இல்லை, தங்கையும் இல்லை. ஆயினும் அந்தக் காட்சியைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்ததைக் கேட்டு, அந்த நாவல் என்னுடையதைவிட மேலாக இருக்குமோ என்ற சம்சயம் எனக்கே உண்டாயிற்று.

பெர்க்லி சர்வகலாசாலை நூலகத்தின் தமிழ் அலமாரிகளுக்கு முன்னே நிற்கும் எந்தத் தமிழ் எழுத்தாளனுக்கும் அசூயை உண்டாவது இயல்பு. 1954ஆம் வருஷத்துப் பொதுச்சட்டம் 480இன்படி அமெரிக்கா நமக்குக் கொடுத்த கோதுமைக்கு ரூபாயிலேயே விலை வாங்கிக்கொண்டது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் நம் மொழிகளில் வெளியாகும் புத்தகங்களை வாங்கி, பெர்க்லி, சிகாகோ முதலிய சர்வகலாசாலைகளுக்கு அனுப்பிவந்தது. நாம் அவர்களுடைய கோதுமையை உண்டு தீர்த்தோம். அவர்கள் நம்முடைய நாவல்களை இன்னும் அட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வியாபாரத்தில் அக்கிராசனர் இல்லை, குத்துவிளக்கு இல்லை, நினைவுப் பரிசு இல்லை. பட்டியலைப் பார்த்து விலை கொடுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

டெக்ஸஸில் எதுவும் பெரிது. இரண்டு தமிழ் வாசகர்களுக்கு இடையே உள்ள தூரமும் அப்படியே. அந்த மாகாணத்தின் புகழ்பெற்ற நாவலாசிரியரான லாரி மெக்மர்ட்ரி, தம்மைக் 'குட்டி வட்டார நாவலாசிரியன்' என்ற பொருள்பட எழுதிய சட்டையை அணிந்து திரிந்தவர். அதன் பிறகு 1986இல் புலிட்ஸர் பரிசு பெற்றார். ஆர்ச்சர் சிட்டி என்ற சிற்றூரில் பெரிய பழைய புத்தகக் கடை வைத்து, பிறர் எழுதிய நூல்களை லட்சக்கணக்கில் சேர்த்து விற்கவும் செய்தார். அப்படியொரு சட்டையைத் தமிழில் அச்சிட்டு அணிந்துகொண்டு போகலாமா என்று மகனிடம் கேட்டேன். அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் அப்பா என்றான்.

டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான், அமெரிக்காவில் தமிழ் நாவலைப் படிக்கும் கூட்டம் எது என்பது எனக்கு விளங்கியது. நண்பரின் மாமியார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பேரக்குழந்தையைப் பார்ப்பதற்காக ஆறு மாதம் வந்திருந்தார். முதல்நாள் இரவு மேஜைமேல் நான் வைத்த பிரதியை மறுநாள் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு, நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தார். "ஏன் தம்பி, அந்தப் பெரியம்மைய எதுக்குக் கொன்னு போட்டீய? அவ யாருக்கு என்ன கெடுதல் செஞ்சா?" கதையின் போக்குக்கு அது தேவைப்பட்டது என்று நான் சொன்ன சமாதானம் அவரிடம் செல்லவில்லை. கதை யார் கையில் இருந்தது, உங்கள் கையில்தானே என்று மடக்கினார். ஒரு மணி நேரம் வாதித்தோம். பெரிய அவையில் வெல்லும்பொழுது தன்னைப் புகழலாம் என்ற சலுகையைப் பயன்படுத்துவதற்கு அவர் இடமே தரவில்லை. பிறகு எழுந்துபோய், மருமகன் கைச்செலவுக்குத் தந்திருந்த டாலர்களைக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் அம்மா, என் அன்பளிப்பாக இருக்கட்டும் என்றேன். "ஓசியில வாங்கிட்டா அப்புறம் ஏசுததுக்கு நாக்கு வராது தம்பி. பிடிங்க."

இலவசப் பிரதிகளைப் பற்றி இதைவிடச் சிறந்த விமரிசனத்தை நான் எந்த இலக்கியச் சபையிலும் கேட்டதில்லை. அன்று முதல் ஓசிப் பிரதி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். காசு கொடுக்காமல் புத்தகம் பெற்றவர் ஆசிரியனிடம் நன்றிக் கடன் பட்டவராகிவிடுகிறார். கடன்பட்டவர் உண்மை பேசமாட்டார், அநேகமாகப் படிக்கவும் மாட்டார், வழியில் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் டெக்ஸஸிலும் காலை வேளையில் பூங்காக்களின் பெஞ்சுகளைப் பார்த்தால் இந்தப் பெரியவர்களைக் காணலாம். ஸ்வெட்டருக்குமேல் மப்ளர் சுற்றிக்கொண்டு, வேட்டிக்குக் கீழே மகனின் ஓட்டப்பந்தயச் சப்பாத்துகளை அணிந்துகொண்டு, கார் ஓட்டத் தெரியாமல், பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை பொழுதைத் தள்ள வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தொடர்கதைகளை வாரம் தவறாமல் படித்து வளர்ந்த தலைமுறை. கண்ணாடியும் அவகாசமும் கைவசம் இருப்பவர்கள். அவர்களை எந்த விழாவிலும் முன்வரிசையில் உட்காரவைப்பதில்லை. பெரும்பாலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். தங்க அனுமதித்த கெடு முடிந்து ஆறு மாதத்துக்கொரு முறை இந்த வாசகர் வட்டம் முற்றிலும் கலைந்து, புதிதாக ஒன்று விமானத்தில் வந்து இறங்குகிறது. எந்தப் பிரசுரகர்த்தருக்கும் கிடைக்காத பாக்கியம் இது. தமிழ்ச் சங்கங்கள் ஒரு வருஷத்துப் பொன்னாடைச் செலவை நிறுத்தி, வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடத்தின் ஒரு மூலையில் விலைக்கு வாங்கிய நாவல்களை அலமாரியில் வைத்து, பேரப்பிள்ளைகள் உள்ளே அகரம் எழுதும் நேரத்தில் வெளியே காத்திருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கொடுத்தால், சால்வை கிடைக்காத நாவலாசிரியர்கள் ஒருவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்துக்கொண்டாலும் கம்பளிச் சட்டைகள் இந்த நாட்டில் மலிவாகவே கிடைக்கின்றன.

நான் இப்போது என்னால் இயன்ற அளவில் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பையில் பிரதிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று விசாரித்து, ரத்த அழுத்தத்தைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் முறையாகப் பேசி முடித்தபின், விலையைக் கூசாமல் சொல்லிவிடுகிறேன். சிலர் வாங்குகிறார்கள். சிலர் மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்கிறார்கள். தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவர் பதினைந்து டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, அந்தப் பணத்துக்கு ஊரிலே பொன்னியின் செல்வன் வாங்கிவிடலாமே என்று நயமாகக் கேட்டார். அதற்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இக்கட்டுரையின் அடியில் நாவலின் பெயரையும் அது கிடைக்குமிடத்தையும் குறிப்பிடலாமா என்று இப்பத்திரிகையின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். அபிப்பிராயம் வேறு, விளம்பரம் வேறு என்று மரியாதையோடு மறுத்து, விளம்பரக் கட்டண விவரத்தை உடன் இணைத்து அனுப்பியிருக்கிறார். அந்தக் கட்டணம் கட்டுப்படியாவதற்கு எத்தனை பிரதி விற்கவேண்டும் என்று என் மனைவி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பெயரைச் சொல்லத்தானே தடை? விலை 15 டாலர். தபால் செலவு தனி.